சாய்ந்த சில்லு

பள்ளிக்கூட மலருக்கு ஏதாவது எழுதித் தா என்று அண்ணா மூன்று தரம் கனடாவுக்கு அழைப்பெடுத்துவிட்டார். இந்த முறை மலர்க் குழுவில் எழுத்துப் பிழை பார்க்கிறவர் அவர்தான். "உன்ரை வகுப்புப் பெட்டையள் எல்லாரும் தந்திட்டினம். நீ மட்டும்தான் இன்னும் தரேல்லை" என்றார். சரி, எழுதுகிறேன். ஆனால், என் வகுப்புத் தோழிகளே, உங்களைப் போல வகுப்பறையைப் பற்றியும் மணிச்சத்தத்தைப் பற்றியும் எழுத எனக்கு வராது. நான் அந்த வகுப்பறையில் ஒரு இடத்தில் இருந்ததே குறைவு. கதிரையில் இருந்தால் கால் ஆடும், கால் ஆடினால் மேசை ஆடும், உடனே உங்களில் ஒருத்தி எழும்பி முறைப்பாடு சொல்லுவாள். யாரென்று நான் சொல்லத் தேவையில்லை.

போன மாதம் எங்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் வந்தது. பாலத்தடியில் நாங்கள் எல்லாரும் நிற்கிறோம். நடுவில் அந்தக் கார். சுருட்டு மாதிரி நீளமான உடம்பு, வெளியே தனித்தனியாக நிற்கிற நாலு சில்லு, ஒரே ஒரு ஆசனம். படத்துக்குக் கீழே ஆளாளுக்கு எழுதினீர்கள். "துருப்பிடிச்ச காரை ஓட விட்டதுதான் பிழை" என்றாள் ஒருத்தி. "அண்ணா கண்மண் தெரியாமல் விட்டவர்" என்றாள் இன்னொருத்தி. நான் கைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு வீட்டுக்குள் நடந்துகொண்டிருந்தேன். குளிர்காலத்தில் முழங்கால் நோகிறது, இருந்தாலும் நடந்தேன். காரில் துரு இல்லை. அண்ணா வேகமாகவும் விடவில்லை. இத்தனை வருஷமாக அதைச் சொல்லத்தான் எனக்கு வாய் வரவில்லை.

சண்டை ஓய்ந்து கொழும்புக்குப் பாதை திறந்த வருஷம் அது. நமக்குப் பதின்மூன்று வயது. யாழ்ப்பாணத்துத் தீவில், நாரந்தனையில் எங்கள் வீட்டுக்கு அப்போதுதான் கூரை திரும்ப வந்திருந்தது. வீட்டில் அப்பா, அம்மா, பதினேழு வயது அண்ணா, நான், பிறகு மாமி. மாமி அப்பாவின் அக்கா. கலியாணம் கட்டாதவர். இடது கால் பிறப்பிலேயே கட்டை, ஒன்றரை அங்குலம் குறைவு, நடந்தால் ஒரு பக்கம் இறங்கி இறங்கி எழும்புவார். குசினிதான் அவர் ராச்சியம். கணக்கில் புலி என்று அப்பா சொல்லுவார், ஆனால் அந்தப் புலியை மா அரிக்கத்தான் விட்டிருந்தார்கள்.

எங்கள் குடும்பத்தில் கோபம் வந்தால் சத்தம் போடுகிற வழக்கம் இல்லை. கதையை நிற்பாட்டிவிடுவார்கள். ஒரே கூரைக்குக் கீழே இருந்தாலும் கதை இல்லை என்றால் இல்லைத்தான். ஆனால் உப்பு வேணும், கதவுத் திறப்பு வேணும், செத்தவீடு என்றால் சொல்ல வேணும். அதற்கு நடுவில் ஒரு பிள்ளையை வைத்துக்கொள்ளுவார்கள். "பிள்ளை, கொப்பரிட்டைச் சொல்லு" என்று இங்கேயிருந்து வரும். "பிள்ளை, அவவிட்டைக் கேள்" என்று அங்கேயிருந்து போகும். பிள்ளைதான் தபால். எங்கள் வீட்டில் அந்த உத்தியோகம் எனக்கு. நிலைகொள்ளாத பிள்ளைக்கு அதைவிட நல்ல வேலை ஏது?

மாமிக்கும் பெரியப்பாவுக்கும் நாற்பது வருஷத்துக்கு மேலாகக் கதை இல்லை. பெரியப்பா அப்பாவுக்கும் மாமிக்கும் மூத்தவர், கனடாவில் இருந்தார். சின்ன வயதில் கண்டியில் கார் திருத்துகிற கராச் வைத்திருந்தவர். அங்கே தானே ஒரு ஓட்டப் பந்தயக் கார் செய்து, மலைப்பாதைப் பந்தயத்தில் ஓடி, கப் எடுத்து, படம் பேப்பரில் வந்தது. மாமி அப்போது அண்ணனுக்குச் சமைத்துப் போடக் கண்டிக்குப் போயிருந்தார். இதுதான் எங்கள் வீட்டில் சொல்லப்பட்ட கதை. பிறகு கலவரத்தில் கராச் எரிந்தது. காரை மட்டும் கருவாட்டுச் சாக்குக்குக் கீழே மறைத்து லொறியில் தீவுக்குக் கொண்டுவந்துவிட்டு அவர் வெளிநாடு போய்விட்டார். ஏன் இருவருக்கும் கதை இல்லை என்று அம்மாவைக் கேட்டேன். "அந்தக் கப்பிலை வந்த பிரச்சினை. உனக்கேன்?" என்றார்.

பாதை திறந்ததும் பெரியப்பா அழைப்பெடுத்தார். ஆவணியில் வாறன், என்ரை காரைக் கிளப்பி வையுங்கோ, ஒருக்கா ஓட்டிப் பார்க்க வேணும் என்றார்.

கிளப்பி வைப்பது என்றால் உண்மையிலேயே மண்ணிலிருந்து கிளப்புவதுதான். ஊர் முழுக்க வெளிக்கிட்டு ஓடின காலத்தில் நம் சனங்கள் புதைக்காதது என்ன? தையல் மெஷின், தண்ணி இறைக்கிற மெஷின், குத்துவிளக்கு. எங்கள் அப்பா காரைக் கழற்றிப் புதைத்தார். எங்கே என்ன இருக்கிறது என்ற கணக்கு மாமியின் தலைக்குள் இருந்தது. "கிணத்துக்கட்டிலை இருந்து தெற்காலை பதினாலு எட்டு, இஞ்சின். பனங்கிழங்குப் பாத்திக்குக் கீழை, உடம்பு." அப்பா பதினாலு எட்டு வைத்துத் தோண்டினார், இல்லை. அண்ணா வைத்துத் தோண்டினார், அங்கும் இல்லை. மிதிவெடி பயம் வேறு, ஆடு மேய்கிற இடத்தில் மட்டும்தான் மண்வெட்டி போடலாம் என்று அம்மா கத்திக்கொண்டிருந்தார். கடைசியில் மாமி குசினியிலிருந்து வந்தார். கிணற்றுக்கட்டில் முதுகை வைத்து, ஒரு எட்டு நீளம், ஒரு எட்டு கட்டை, ஒரு எட்டு நீளம், ஒரு எட்டு கட்டை என்று நடந்து நின்றார். "என்ரை எட்டு எண்டெல்லோ சொன்னனான்" என்றார். அந்த இடத்தில்தான் மண்வெட்டி பெட்டியில் தட்டியது.

பெட்டிக்குள் சாக்கு. சாக்குக்குள் சுறா எண்ணெய் ஊறிய இஞ்சின். அந்த நாற்றத்தை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள், நான் அதோடு பள்ளிக்கூடம் வந்து வெளியே நிற்க வைக்கப்பட்டேன். துரு ஒரு பொட்டும் இல்லை. மாமிதான் அப்படிச் சுற்ற வைத்தாராம். காரின் மூக்குப் பகுதி மட்டும் கிடைக்கவில்லை. பிறகு பார்த்தால், பக்கத்து வளவில் அதற்குள் ஆட்டுக்குத் தண்ணி வைத்திருக்கிறார்கள். புதைத்த இடம் மழையில் கரைந்து அது வெளியே வந்திருக்கிறது. ஆடுகளைச் சமாதானப்படுத்தி வாங்கி வந்தோம்.

கழற்றிய காரைத் திரும்பப் பூட்டச் சுருவிலில் இருந்து ஒரு அண்ணை வந்தார். கடல் தொழில் குடும்பம், வள்ளத்து இஞ்சின் திருத்துவதில் தீவு முழுக்கப் பெயர் போனவர். முதல் நாள் சாமான்களை நிலத்தில் பரப்பி வைத்துவிட்டு இரண்டு கையையும் இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றார். "இதென்ன காரோ, சைக்கிளோ?" என்றார். அவர் கேட்டதில் பிழையில்லை. சட்டம் என்பது இரண்டு நீளக் குழாயும் குறுக்கே நாலு துண்டும், ஒரு ஏணி. இஞ்சின் ஒற்றைச் சிலிண்டர் மோட்டச்சைக்கிள் இஞ்சின், அதுவும் முன்னுக்கு இல்லை, ஓடுகிறவரின் முதுகுக்குப் பின்னால். அங்கேயிருந்து பின் சில்லுக்குச் சங்கிலி. பின்னுக்குப் போகிற கியர் கிடையாது. தள்ளித்தான் ஸ்ராட் பண்ண வேணும். உடம்பு இரண்டாம் உலக யுத்தத்தில் விழுந்த விமானத்தின் அலுமினியத் தகடு. நாலு ஆள் நாலு மூலையில் பிடித்தால் தூக்கிவிடலாம்.

இஞ்சின் கிளம்பியது, ஆனால் அரை மணித்தியாலத்தில் சூடாகி இறுகியது. இரண்டு நாள் அண்ணை என்னென்னவோ எண்ணெய் மாற்றினார். மாமி குசினி வாசலில் நின்று, "அதுக்கு ஆமணக்கெண்ணெய் விட வேணும்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். விடுமுறைக்கு விடுமுறை எங்களுக்கு வயிறு கழுவத் தருகிற எண்ணெய் அல்லவா? "காருக்கும் பேதி குடுக்கப் போறா" என்றார் அப்பா. மூன்றாம் நாள் வேறு வழி இல்லாமல் அண்ணை விட்டுப் பார்த்தார். இஞ்சின் ஒரு மணித்தியாலம் சுகமாக ஓடியது. எரிந்த ஆமணக்கெண்ணெயின் மணம் இனிப்பாக வளவு முழுக்க நின்றது. யாரும் மாமியைத் திரும்பிப் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை, நான் ஆசனத்துக்குள் இறங்கிக்கொண்டிருந்தேன்.

அந்த ஆசனத்துக்குள் அப்பாவால் இறங்க ஏலாது, அண்ணையால் ஏலாது. அண்ணா இறங்கலாம், கொஞ்சம் நெருக்கம். எனக்கு அளவெடுத்துச் செய்த மாதிரி இருந்தது. ஸ்ரியறிங் வளையத்தைக் கழற்றிவிட்டு இறங்க வேணும், இறங்கிய பிறகு மாட்ட வேணும். இருந்தால் நிலம் ஒரு சாண் கீழே. முன் சில்லு இரண்டும் கண்ணுக்கு முன்னால் தெரியும், வளையத்தைத் திருப்பினால் அவை திரும்புவதை நேரே பார்க்கலாம். அப்படியொரு சந்தோசம் எனக்கு அதுவரை வந்ததில்லை. பின்னேரம் முழுக்க உள்ளே இருந்து வாயால் சத்தம் போட்டு ஓடினேன். நான் ஒரு இடத்தில் அசையாமல் இருந்தது அங்கே மட்டும்தான் என்று அம்மா சொன்னார். எனக்கு அது அசையாமல் இருப்பதாகவே தெரியவில்லை.

காலுக்கு மூன்று மிதி. பிறேக்கும் பெற்றோல் மிதியும் ஒரே தூரத்தில். கிளச் மட்டும் ஒன்றரை அங்குலம் கிட்ட வந்து நின்றது. ஒருநாள் அதை விரலால் அளந்து பார்த்துவிட்டு ஆசனத்தை விட்டு ஏறினேன். கிளச் மிதிக்கிறது இடது கால், மாமிக்குக் கட்டையான கால்.

"மாமி, நீங்கள் இதை ஓடினனீங்களோ?" என்று குசினிக்கு ஓடிப் போய்க் கேட்டேன்.

மாமி கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். "போய் முகத்தைக் கழுவு, எண்ணெய்" என்றார். ஆனால் வாய் ஓரத்தில் ஒரு சிரிப்பு நின்றது.

இனித்தான் பிழை வருகிறது. பூட்டி முடித்து நிற்பாட்டினால், கார் பின்பக்கம் ஒருமாதிரி நின்றது. பின் சில்லு இரண்டும் மேலே உள்ளுக்குச் சாய்ந்து, கீழே அகன்று, காலை அகட்டிக்கொண்டு நிற்கிற ஆள் மாதிரி. அண்ணைக்கு அது கண்ணில் குத்தியது. "பன்ரண்டு வருசம் மண்ணுக்குள்ளை கிடந்து வில் படுத்திட்டுது, மாஸ்ரர்" என்று அப்பாவிடம் சொன்னார். அப்பா பள்ளிக்கூட வாத்தியார், கோணல் என்றால் அவருக்கும் ஆகாது. காரின் பின்பக்கம் முழுவதும் குறுக்கே போட்ட, இரும்புத் தகடு அடுக்கிய ஒரே வில்லில்தான் தொங்கியது. பழைய மாட்டு வண்டி ஒன்றின் வில்லிலிருந்து ஒரு தகட்டைக் கழற்றி அதோடு சேர்த்துப் பூட்டினார்கள். பின்பக்கம் எழும்பியது. சில்லு இரண்டும் நேராக, அழகாக நின்றன. அப்பா நூல் பிடித்துப் பார்த்துத் திருப்திப்பட்டார்.

மாமி அடுப்பை விட்டுவிட்டு வளவுக்கே வந்தார். "அந்தச் சில்லை நிமித்தாதை, தம்பி. அது சாய்ஞ்சுதான் நிக்க வேணும்."

"அக்கா, உங்களுக்கு உது விளங்காது. உள்ளுக்குப் போங்கோ" என்றார் அப்பா. கோபமாகக்கூடச் சொல்லவில்லை, ஈ ஓட்டுகிற மாதிரிச் சொன்னார்.

மாமி ஒரு விஷயத்தை ஒருதரம்தான் சொல்லுவார். போய்விட்டார்.

பெரியப்பா வந்தார். பெரிய வயிறு, வெள்ளைத் தொப்பி, கண்ணில் தண்ணி. வந்து இறங்கியதிலிருந்து வீடு நிறைய ஆள். நான் இடைவிடாமல் ஓடினேன். "பிள்ளை, மாமியிட்டைக் கேள், என்னை ஞாபகம் இருக்கோ எண்டு." ஓடினேன். "சொல்லு, ஞாபகசக்தி நல்லா இருக்கு எண்டு." ஓடினேன். "பிள்ளை, தேத்தண்ணி நல்லாயிருக்கு எண்டு சொல்லு." "சீனி குறைக்கச் சொல்லு, உடம்பைப் பாத்தால் தெரியுது." பெரியப்பா அதைக் கேட்டு வயிறு குலுங்கச் சிரித்தார். நாற்பது வருஷக் கோபம் அந்தப் பதிலில் கொஞ்சம் இளகினதை நான்கூடக் கண்டேன். காரைச் சுற்றிச் சுற்றி வந்தார். பின் சில்லைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். ஏதோ சொல்ல வாய் எடுத்தார், அதற்குள் அப்பா கையைப் பிடித்துச் சாப்பிடக் கூட்டிக்கொண்டு போனார்.

வேலணையையும் புங்குடுதீவையும் இணைக்கிற பாலத்தில் ஓட்டுவதாக ஏற்பாடு. காவலரணில் இருந்த கடற்படை அதிகாரியிடம் அப்பா கடிதம் கொடுத்து, காலை ஏழு மணியிலிருந்து எட்டு மணி வரைக்கும் அனுமதி எடுத்திருந்தார். முதலில் அண்ணா ஓடுவது. அவரை அடுத்த வருஷம் கனடாவுக்கு எடுப்பதாகப் பெரியப்பா சொல்லியிருந்தார், அண்ணாவின் கால் நிலத்தில் இல்லை. இரண்டாவது நான். "தங்கச்சி மெல்லமா ஒரு கியரிலை போகட்டும், நான் பக்கத்திலை ஓடி வாறன்" என்று சுருவில் அண்ணை வாக்குக் கொடுத்திருந்தார். அடுத்த நாள் காலை பெரியப்பா கொழும்புக்கு பஸ் ஏறுகிறார். ஆகவே அந்த ஒரு மணித்தியாலம்தான்.

பாலத்துக்குப் போவதற்கு முந்தின பின்னேரம் மாமி என்னைக் குசினிக்குள் கூப்பிட்டார். அலுமாரிக்குள் இருந்து ஒரு துணிப்பையை எடுத்தார். ஒவ்வொரு இடப்பெயர்விலும் காணி உறுதியோடு அதுவும் வரும். உள்ளே என்ன என்று எங்களுக்குத் தெரியாது. சதுரக் கோடு போட்ட பழைய கொப்பி ஒன்று. பக்கம் பக்கமாகப் படம். ஏணிச் சட்டம், சங்கிலி, வில், ஆசனம், ஒவ்வொன்றுக்கும் அளவு, ஒவ்வொன்றுக்கும் கணக்கு. எழுத்து எல்லாம் மாமியின் எழுத்து. கடைப் பட்டியல் எழுதுகிற அதே குனிந்த எழுத்து. ஒரு பக்கத்தில் பின் சில்லு சாய்ந்து நிற்க, அதற்குக் கீழே மூன்று தரம் கோடு இழுத்திருந்தது.

"எழும்பி நில்லு. காலைச் சேர்த்து வைச்சு நில்லு" என்றார். நின்றேன். தோளில் ஒரு தள்ளுத் தள்ளினார், நான் அம்மியடியில் போய் விழுந்தேன். "இப்ப அகட்டி நில்லு." தள்ளினார், அசையவில்லை. "அவ்வளவுதான். வளைவிலை கார் எழும்பப் பாக்கும். எழும்பினால் சில்லு கீழ்ப்பக்கம் உள்ளுக்கு மடியும். முன்னமே சாய்ச்சு வைச்சால் எழும்பினாலும் நேராத்தான் நிக்கும். அந்தப் புதுத் தகட்டைக் கழட்டச் சொல்லு. இதைப் பெரியப்பாவின்ரை கையிலை குடு. ஒருத்தருக்கும் முன்னாலை குடாதை, வேறை ஆற்றை கையிலையும் குடாதை. அவருக்கு இந்தப் பக்கத்தைக் கண்டால் விளங்கும்."

நான் கொப்பியைப் பள்ளிக்கூடப் பைக்குள் வைத்தேன். குசினியால் வெளியே வந்தபோது பெரியப்பா தனியாகத்தான் கிணற்றடியில் நின்று கால் கழுவினார். பத்து எட்டுத் தூரம். நான் நின்றேன். தகட்டைக் கழற்ற ஒரு முழு நாள் வேணும் என்று எனக்குத் தெரியும், பூட்டியதைப் பக்கத்தில் இருந்து பார்த்தவள் நான். கழற்றினால் நாளைக்கு ஓட்டம் இல்லை. நாளையின்றைக்குப் பெரியப்பா இல்லை. பெரியப்பா இல்லாவிட்டால் அப்பா காரை மூடி வைத்துவிடுவார். நான் ஓட மாட்டேன். பாலத்தில் இரண்டு பக்கமும் கடல் பின்னால் போக, அந்த முன் சில்லுகள் என் கையில் திரும்ப, ஒருதரம்கூட ஓட மாட்டேன். பெரியப்பா கால் கழுவி முடித்து உள்ளே போய்விட்டார். நான் கிணற்றைச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தேன்.

காலையில் பாலத்தடியில் நீங்கள் எல்லாரும் நின்றீர்கள். நான் இரட்டைப் பின்னலை இறுக்கிக் கட்டி, அண்ணாவின் பழைய களிசானைப் போட்டுக்கொண்டு நின்றேன். பையைத் தோளிலிருந்து கழற்றவில்லை. மாமி வரவில்லை. காரைத் தள்ளுவதற்கு முன் பெரியப்பா என்னைப் பக்கத்தில் கூப்பிட்டுக் குனிந்தார். சவர்க்கார மணம் அடித்தது.

"பிள்ளை, மாமி என்னட்டைச் சொல்லச் சொல்லி ஏதும் சொன்னவாவோ?"

எனக்குப் பையின் கனம் தோளில் தெரிந்தது.

"இல்லைப் பெரியப்பா" என்றேன்.

அவர் முகம் விழுந்தது. "சரி" என்று நிமிர்ந்து கையை ஆட்டினார்.

கார் போனதை நீங்கள் பார்த்தீர்கள். பாலத்தின் நேரில் அது எவ்வளவு அழகாகப் போனது! அந்தச் சத்தம் தண்ணிக்கு மேலால் போய்த் திரும்பி வந்தது. காவலரணில் இருந்த பெடியள்கூடக் கை தட்டினார்கள். பாலத்தின் அந்தலையில் நாலு பேர் தூக்கித் திருப்பிவிட, அண்ணா திரும்பி வந்தார். பாலம் முடிந்து வேலணைப் பக்கம் றோட்டு வளைகிற இடத்தில் நான் நின்றேன். வேகத்தைக் குறைத்துத்தான் வந்தார். நான் சத்தியமாகச் சொல்லுகிறேன், குறைத்துத்தான் வந்தார். வளைவில் காரின் பின்பக்கம் மெல்ல எழும்பியது. வெளிப்பக்கச் சில்லு கீழே உள்ளுக்கு மடிந்தது. மாமி சொன்னதில் ஒரு சொல்லும் மாறவில்லை. கார் ஒருதரம் புரண்டு, ஓரத்துத் தண்ணியில் போய் நிமிர்ந்து நின்றது. அண்ணாவின் வலது முழங்கை வெளியே இருந்தது.

கடற்படை ஜீப்பில்தான் யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். நான் தண்ணிக்குள் நின்ற காரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஆமணக்கெண்ணெய் மணந்தது.

மத்தியானம் அம்மா உடுப்பெடுக்க என்னை வீட்டுக்கு அனுப்பினார். மாமி குசினி வாசலில் நின்றார். செய்தி அவருக்கு எப்போதோ வந்துவிட்டது. அடுப்பு எரியவில்லை.

"காட்டினனியோ?" என்றார்.

நான் அப்போதாவது சொல்லியிருக்கலாம். எனக்குப் பயம்.

"ஓம் மாமி."

"பாத்தவரோ?"

"பாத்தவர்."

மாமி தலையை ஆட்டினார். "பாத்தும் ஓட விட்டவர்" என்று சொன்னார், எனக்கு அல்ல. பிறகு உள்ளே போய்க் கதவைச் சாத்தினார்.

அண்ணாவுக்காகப் பெரியப்பா பயணத்தை ஒரு கிழமை தள்ளிப்போட்டார். கடைசி நாள் அவர் தபாலைக் கூப்பிடவில்லை. தானே குசினி வாசலுக்குப் போனார். தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, "தங்கச்சி" என்றார். நாற்பது வருஷத்துக்குப் பிறகு அந்த ஒரு சொல். மாமி அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அரிசி கழுவினார். கழுவிய அரிசியைத் திரும்பத் திரும்பக் கழுவினார். பெரியப்பா தொப்பியைத் திரும்பப் போட்டுக்கொண்டு போனார். நான் வாசலுக்கும் கிணற்றுக்கும் நடுவில் நின்றேன். என் கால் அன்றைக்கு ஆடவில்லை.

துருத்தான் காரணம் என்று சுருவில் அண்ணை சொன்னார், அவர் பாவம், அதற்குப் பிறகு வள்ளத்தைத் தவிர வேறொன்றையும் தொடவில்லை. அண்ணாவின் வேகம்தான் காரணம் என்று அப்பா சொன்னார், சாகும் வரை சொன்னார். அண்ணாவின் முழங்கை மடங்கவில்லை. கனடா அலுவல் தள்ளிப் போய், பிறகு சண்டை தொடங்கிப் பாதை மூட, நின்றே போனது. காரின் மூக்கு ஆடுகளுக்குத் திரும்பப் போனது. பாதை மூடிய இரண்டாம் வருஷம் மாமி செத்துப் போனார். அண்ணனின் பெயரை அவர் வாயால் ஒருதரமும் எடுக்கவில்லை.

நான் கலியாணம் கட்டிக் கனடா வந்தேன். அண்ணா வந்திருக்க வேண்டிய ஊர். பெரியப்பா கடைசிக் காலத்தில் ஆஸ்பத்திரியில் இருந்தபோது கஞ்சி கொண்டுபோவேன். ஒருநாள் கண்ணை மூடிக்கொண்டு சொன்னார்: "அது என்ரை கார் இல்லைப் பிள்ளை. நான் பூட்டினனான், பந்தயத்திலை ஓடினனான். கணக்கெல்லாம் அவள், முதல் ஓடிப் பாத்ததும் அவள். பேப்பர்க்காரன் கேக்கேக்கை நானே செய்தது எண்டு சொல்லிப்போட்டன். அண்டைக்குப் பாலத்தடியிலை எல்லாருக்கும் முன்னாலை சொல்லத்தான் வந்தனான். அவள் ஒரு சொல் அனுப்புவாள் எண்டு பாத்துக்கொண்டு நிண்டனான்." பிறகு கேட்டார்: "ஏன் பிள்ளை அவள் திரும்பியும் பாக்கேல்லை?"

நான் கரண்டியைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். "தெரியாது பெரியப்பா" என்றேன். அந்தப் பனிக்காலம் முடிய முதல் அவரும் போய்விட்டார்.

அண்ணா, எழுத்துப் பிழை பார்க்கிறதால் இதை முதலில் வாசிக்கப் போகிறவர் நீங்கள்தான். வெட்ட வேணும் என்றால் வெட்டுங்கோ, முழுக்க வாசித்துவிட்டு வெட்டுங்கோ. நீங்கள் வேகமாக ஓடவில்லை. அதை உங்களிடம் சொல்ல இருபது வருஷத்துக்கு மேல் எடுத்ததற்கு என்னிடம் ஒரு சாட்டும் இல்லை. கொப்பி என் அலுமாரியில்தான் இருக்கிறது, நாளைக்கு உங்கள் விலாசத்துக்கு அனுப்புகிறேன். மூன்று தரம் கோடு இழுத்த பக்கத்தில் ஒரு துண்டு செருகியிருக்கும், பாலத்துக்கு முந்தின நாள் மாமி பெரியப்பாவுக்கு எழுதியது. "அண்ணை, பெடியன் ஓடப் போறான், சில்லைச் சாய்ச்சு விடுங்கோ. மற்றதெல்லாம் போகட்டும்" என்று இருக்கிறது.

மற்றதெல்லாம் போகட்டும் என்றுதான் எழுதியிருந்தார். நான் அதைக் கொண்டுபோய்க் கொடுக்கவில்லை.

மாமி, காட்டினனியோ என்று கேட்டீர்கள்.

இல்லை மாமி. நான் காட்டேல்லை.